பெட்ரோலில் கழுவிய கத்தி

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மலைக்குப் போகும் ஜீப்புகள் நின்ற காலத்தில் சுபைரைத் தெரியாதவர் கிடையாது. ஆள் கொஞ்சம் கர்வக்காரர். காசால் வந்த கர்வம் அல்ல, காசு அவரிடம் எப்போதும் தங்கியதில்லை. கைவேலையால் வந்தது. அவர் ஓட்டிய பெட்ரோல் ஜீப் யாரோ எந்தக் காலத்திலோ ஏலத்தில் எடுத்தது. பரிகம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் இருமும், பிறகு நடுவழியில் படுத்துக்கொள்ளும். மற்ற டிரைவர்களாக இருந்தால் மெக்கானிக்குக்கு ஆள் அனுப்பிவிட்டுப் பீடி பற்றவைப்பார்கள். சுபைர் பானெட்டைத் தூக்கித் தலையை உள்ளே விட்டாரானால் வண்டியைக் கிளப்பாமல் வெளியே எடுக்க மாட்டார். கரியாலூருக்கு ஏறினவரைக் கரியாலூரில்தான் இறக்குவார். பாதி வழியில் இறக்கிவிட்டார் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தப் பேரைக் காப்பாற்ற மனிதர் எதுவும் செய்வார்.

இடைஞ்சல் ஒன்றுதான். சாமான் பை பின் சீட்டுக்கு அடியில் கிடக்கும். அதன்மேல் மரவள்ளிக் கிழங்கு மூட்டை, அதற்கு மேல் கடுக்காய் மூட்டை, அதற்கும் மேல் ஆடு, ஆட்டைப் பிடித்துக்கொண்டு ஆள். வளைவில் வண்டி நின்றால் அத்தனையையும் இறக்கினால்தான் ஒரு திருப்புளியை எடுக்க முடியும். இடுப்பிலேயே கட்டிக்கொள்கிற மாதிரி, எல்லா வேலைக்கும் ஆகிற ஒரே சாமான் வேண்டும் என்பது சுபைருக்கு வெகுநாள் ஆசை.

அவர் மனைவி ஜன்னதுல் பிர்தௌஸின் அண்ணன் நூர் முகமது கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்தார். மெட்ராஸுக்குச் சரக்கெடுக்கப் போனவர், மச்சானின் நச்சரிப்புத் தாங்காமல் மூன்று மடக்குச் சாமான்களை வாங்கிவந்து கல்லாப் பெட்டி மேல் பரப்பி வைத்தார். பிடித்ததை எடுத்துக்கொள்ளட்டும், மற்றது கடையில் விற்றுப்போகும் என்று கணக்கு.

சுபைர் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாவது சிவப்புக் கைப்பிடி போட்டது. விரிக்க விரிக்கக் கத்தி, கத்தரி, பல்குத்தி, பாட்டில் தக்கை உருவுகிற சுருள் கம்பி என்று கல்யாணச் சீர்வரிசை மாதிரி வந்துகொண்டே இருந்தது. குறடு மட்டும் இல்லை. குறடு இல்லாததை வைத்துக்கொண்டு மலைமேல் உட்கார்ந்து பல் குத்தவா என்று தள்ளிவிட்டார். இரண்டாவதில் குறடு இருந்தது, பளபளப்பும் இருந்தது. ஆனால் மூட்டில் ஆட்டம். குறட்டின் வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தார், நடுவில் கீற்றாக வெளிச்சம் தெரிந்தது. சைக்கிள் பிரேக் கம்பியைக் கடிக்கவிட்டார், கம்பி நசுங்கியதே தவிர அறுபடவில்லை.

மூன்றாவது, பார்வைக்கு ஒன்றுமில்லாத வெறும் எஃகு. விரித்தால் குறடு. இரண்டு கைப்பிடிக்குள்ளும் கத்தி, அரம், திருப்புளி எல்லாம் மடங்கி உட்கார்ந்திருந்தன. பிரேக் கம்பியை ஒரே கடியில் துண்டாக்கியது. கத்தியை விரித்து அதன் முதுகைப் பெட்டிமேல் வைத்து அழுத்தினார், மடங்கிக் கையை வெட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் கையால் திறந்து பார்த்தார். வண்டிக்கடியில் மல்லாந்து கிடக்கும்போது இன்னொரு கை சும்மா இருக்காதே. லுங்கியில் செருகிக்கொண்டு கடைவாசல்வரை நடந்தார், குந்தினார், எழுந்தார், மறுபடி நடந்தார். வியாபார நேரத்தில் இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து நூர் முகமதுவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என் தங்கச்சிய பாக்க வந்தப்ப ஒரு டீ குடிக்கிற நேரந்தான் உக்காந்தீங்க மச்சான். இதுக்கு இன்னா இம்மா நேரம்?"

"உங்க தங்கச்சி வூட்ல இருக்கும். இது என்னோட மலையேறணும்" என்றார் சுபைர்.

அதையே எடுத்துக்கொள்வது என்று முடிவானது. நூர் முகமது ஒரு குறையும் சொன்னார். மூட்டில் சந்து ஜாஸ்தி, அழுக்கு போய் அடைந்தால் லேசில் வராது என்றார். சுபைர் சிரித்துவிட்டார். பெட்ரோலில் கழுவினால் போகாத அழுக்கும் உண்டா? கார்பரேட்டர் முதல் கைவிரல்வரை பெட்ரோலில் கழுவியே பழகிய ஜாதி டிரைவர் ஜாதி. புண்ணுக்குக்கூட அவர்கள் அதைத்தான் தடவுவார்கள். நூர் முகமது சாமானைத் துடைத்து மறுபடி பெட்டிமேல் வைத்தார், சுபைர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார். கத்தியும் அரிவாளும் கையிலிருந்து கைக்குப் போனால் கொடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் பகை வரும் என்பது நம் பக்கத்தில் எல்லா மதக்காரரும் வைத்திருக்கிற நம்பிக்கை. ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுக்க வேண்டும்.

செருப்புத் தைக்கிறவரிடம் சொல்லி அதற்கு ஒரு தோல் உறை தைத்து பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு அந்தச் சாமான் செய்யாத வேலை இல்லை. இன்ஜினில் தீப்பொறி தரும் பாயிண்டை ராவியது, ஒயரைச் சீவியது, டயரின் வரிகளில் மாட்டிய கல்லையும் சாணியையும் நோண்டி எடுத்தது, மலைக்காரர் காலில் ஏறிய முள்ளைப் பிடுங்கியது, வண்டியில் கழுத்து இறுகிய ஆட்டின் கயிற்றை அறுத்தது. மத்தியானம் வெங்காயம் நறுக்கியதும் அதுதான். ஒவ்வொரு வேலைக்கும் பிறகு ஒரு சொட்டுப் பெட்ரோல், துணியில் ஒரு துடைப்பு, மறுபடி உறைக்குள். மலையில் அதற்கு சுபைர் கத்தி என்றே பேர் விழுந்துவிட்டது. சாமான் நல்ல சாமான்தான். அதில் இன்றுவரை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

எண்பத்தேழில், புரட்டாசி பிறந்த வாரம், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் ஆரம்பித்தது. அப்போது நாம் தென்னாற்காடு ஜில்லா. கேட்டது நியாயமா என்று டீக்கடையில் இன்றைக்கும் பொழுது சாய்கிறவரை பேசலாம், அது வேறு பேச்சு. ரோட்டோரத்துப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். போலீஸ் வண்டி வரக் கூடாதென்று சாய்த்தார்கள். போலீஸ் வண்டிக்கு வழியில்லாத ரோட்டில் மற்ற யாருக்கும் வழியில்லை என்பதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

சுபைர் கரியாலூரில் மாட்டிக்கொண்டார். கீழே கலாட்டா என்று கேள்விப்பட்டு வண்டியை ஓரமாகப் போட்டிருந்தபோதுதான் பச்சமுத்து வந்தான். கரியாலூருக்குப் பக்கத்தில் சாமை விதைக்கிறவன். அவன் மனைவி பூமாலைக்குத் தலைப்பிரசவம். முந்தின நாள் எடுத்த வலி, பிள்ளை இறங்கவில்லை, பிள்ளைப்பேறு பார்க்கிற கிழவி கையை விரித்துவிட்டாள். கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பெரிய உயிரும் சின்ன உயிரும் தங்கும், இல்லாவிட்டால் இரண்டும் போகும் என்றாள். சுபைர் மறுபேச்சுப் பேசவில்லை. வலிக்காரியைப் பார்த்தும் வழிவிடாத பாவி எவன் இருக்கப் போகிறான் என்று நம்பினார். பூமாலையைப் பின்னால் படுக்க வைத்து, பச்சமுத்துவையும் அவன் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

மலை இறங்குகிறவரை வம்பில்லை. கோமுகி அணை தாண்டி ஓரிடத்தில் முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள், கெஞ்சியதும் இழுத்து வழிவிட்டார்கள். கச்சிராயபாளையம் நெருங்கும்போது ரோடே தெரியவில்லை. மூன்று ஆள் சேர்ந்து கட்டிப் பிடிக்கிற புளியமரம் குறுக்கே கிடந்தது. இந்தப் பக்கம் பள்ளம், அந்தப் பக்கம் தண்ணீர் பாய்ந்த நெல்வயல். நின்றுபோன வண்டிகளின் மாடுகளை அவிழ்த்து மரத்துக் கிளைகளிலேயே கட்டியிருந்தார்கள். சாணியும் மூத்திரமும் மிதிபட்ட வைக்கோலுமாக ரோடு தொழுவமாகியிருந்தது.

கூட்டத்தில் சுபைருக்குத் தெரிந்த முகம் ஒன்று இருந்தது. தெய்வசிகாமணி, அந்த வயலுக்குச் சொந்தக்காரர், எத்தனையோ முறை இதே ஜீப்பில் உர மூட்டை ஏற்றி வந்தவர். அவர் வந்து பூமாலையைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"வுடணும்னுதான் பாய் இருக்குது. மரத்த தூக்க இந்த ஆளுங்க பத்தாது. இதுக்கு அப்பால இன்னும் கெடக்குது" என்றார்.

பத்துப் பேர் சேர்ந்து தள்ளித்தான் பார்த்தார்கள். மரம் அசையவில்லை. சுபைர் இறங்கிக் கிளையைக் காலால் உதைத்தார். ஏறினவரை இறக்கிவிடாத மனிதர் வாழ்நாளில் முதல் தடவை பாதி வழியில் நிற்கிறார், அதுவும் எந்தச் சாமானாலும் சரிசெய்ய முடியாத ஒன்றால். ஆத்திரத்தில் அவருக்குக் கண் மண் தெரியவில்லை.

அதற்குள் பின்னாலிருந்து பச்சமுத்துவின் அம்மா கத்தினாள். மலை இறங்கிய குலுக்கலோ என்னவோ, பிள்ளை தலை தெரிந்துவிட்டது. விழுந்த மரத்தின் கிளைக்கும் ஜீப்புக்கும் நடுவே புடவையைக் கட்டி மறைத்து, சாக்கு விரித்துப் பூமாலையைக் கிடத்தினார்கள். ஆண்கள் தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் குழந்தை அழும் சத்தம் கேட்டது. மறியல் பண்ண வந்தவர்களில் இரண்டொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கொடி அறுக்க ஏதாவது வேண்டும் என்று பச்சமுத்துவின் அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

தெய்வசிகாமணி வயலுக்கு அந்தப் பக்கம் கை காட்டினார். "வூடு தோ தெரியுது பாய். எம் பொண்டாட்டி கமலா வெந்நி வச்சிக் குடுக்கும். பிரிக்காத பிளேடு இருக்குது, ஒரே ஓட்டமா ஓடி எடுத்தாறேன்."

சுபைர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மரத்த வெட்டிப் போட்ட கையால ஒண்ணும் வாணாம். எங்கிட்ட இல்லாததா உன் பிளேடு?"

தெய்வசிகாமணி தலையைக் குனிந்துகொண்டார். ஓடத் தூக்கிய காலை அப்படியே வைத்துவிட்டார்.

சுபைர் ஜீப்பின் பெட்ரோல் குழாயைக் கழற்றி டப்பாவில் பிடித்தார். கத்தியை விரித்து அதில் முக்கி முக்கிக் கழுவினார். அன்றைக்குக் கழுவிய மாதிரி அவர் ஒரு நாளும் கழுவியதில்லை. புதுத் துணியில் துடைத்தபோது எஃகு வெள்ளி மாதிரி மின்னியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவை மறைவுக்குப் பக்கத்தில் போனார். மறைவுக்கு அடியிலிருந்து பச்சமுத்துவின் அம்மா கை நீட்டினாள். ஒரு நல்ல காரியம் நடக்கிற நேரம், கத்தியைக் கையில் கொடுத்து அந்தக் குடும்பத்தோடு பகை தேடிக்கொள்வானேன்? பழகிய வழக்கப்படி அதைத் தரையில் வைத்தார். மாடு மிதித்த அந்தத் தரையிலிருந்து அவள் எடுத்துக்கொண்டாள்.

ஆண் பிள்ளை. நஞ்சும் சிக்கலில்லாமல் விழுந்தது. தெய்வசிகாமணி வீட்டிலிருந்து கட்டிலைக் கொண்டுவந்து பூமாலையைத் தூக்கிப் போனார்கள். கமலா ரசம் வைத்துக் கொடுத்தாள். இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று, மறுநாள் தாயையும் பிள்ளையையும் சுபைரே மலையேற்றிவிட்டார். சுபைர் கத்திக்கு மலையில் வந்த பேர் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளிமலை வரைக்கும் போயிற்று. சுபைரும் அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துத்தான் போனார், அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

மறியல் முடிந்து மரங்களை அறுத்து ஒதுக்கினார்கள். ஜன்னதுல் பிர்தௌஸ் குழந்தைக்கென்று தைத்துக் கொடுத்த இரண்டு சட்டையோடு சுபைர் கரியாலூர் போனார். பச்சமுத்து வழியிலேயே எதிரே ஓடிவந்தான். குழந்தை நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை. வாயே திறக்கவில்லை. தொட்டால் விறைக்கிறது என்றான்.

சுபைர் போய்ப் பார்த்தார். குழந்தையின் முகம் சிரிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தது. யாரோ சொம்பைக் கீழே வைத்த சத்தத்துக்கு அதன் முதுகு வில்லாக வளைந்து, கைகள் இறுகி, சத்தமே இல்லாமல் துடித்து அடங்கியது. கொடி இன்னும் தொப்புளில் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை ரோடு திறந்து கிடந்தது. ஒரு முள்கூட இல்லை. ஆனால் சுபைரால் வேகமாக ஓட்ட முடியவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் குழந்தை விறைத்தது. ஹாரன் அடித்தால் விறைத்தது. வளைவுகளில் எதிரே எது வந்தாலும் வரட்டும் என்று ஹாரன் அடிக்காமலே மலை இறங்கினார். பூமாலை பிள்ளையின் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் குழந்தையை வாங்கிக்கொண்டு இருட்டறையில் போட்டார்கள். தாயும் தகப்பனும் கதவோரம் நின்றார்கள். நர்சம்மா சுபைரைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, கொடியை எதால் அறுத்தீர்கள் என்று கேட்டார். சுபைர் உறையைத் தொட்டுக் காட்டினார். பெட்ரோலில் கழுவினோம் என்றார்.

"பெட்ரோல் எண்ணெப் பிசுக்கத்தான் எடுக்கும் பாய். இது ரண ஜன்னி. சாணியில, ரோட்டு மண்ணுல இருக்கிற கிருமி. கொதிக்கிற தண்ணியில போட்டிருக்கணும். இல்லன்னா ஒரு புது பிளேடு போதுமே."

சுபைர் கத்தியை வெளியே எடுத்து மூட்டுத் தெரிய விரித்தார். கண்ணெதிரே வைத்துப் பார்த்தார். கத்தி பளிச்சென்றுதான் இருந்தது. சந்தில் ஒரு வைக்கோல் துணுக்கு, அதைச் சுற்றிக் கறுப்பாகக் காய்ந்த ஏதோ ஒன்று. டயரில் நோண்டியதோ, அன்றைக்குத் தரையில் வைத்தபோது ஒட்டியதோ, யார் கண்டது? அவங்ககிட்ட சொல்லணுமா என்று கேட்டார். நான் சொல்லப் போவதில்லை, ஆனால் இனி எந்தக் குழந்தைக்கும் அதை எடுக்காதீர்கள் என்றார் நர்சம்மா.

குழந்தை மறுநாள் இறந்துபோனது. பேர்கூட வைத்திருக்கவில்லை. துணியில் சுற்றிய பிள்ளையோடு ஜீப் திரும்பிப் போகையில், புளியமரத்தின் அடிக்கட்டை நின்ற இடத்தில் தெய்வசிகாமணி கை காட்டி நிறுத்தினார். கொழந்த நல்லா இருக்குதா பாய் என்று கேட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கினார். சுபைரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மலையில் இறக்கிவிட்டபோது பச்சமுத்து சுபைரின் கையைப் பிடித்துக்கொண்டான். புள்ள எங்களுக்குக் குடுத்து வக்கல, அன்னைக்கு நீங்க இல்லன்னா இவளும் போயிருப்பா என்று அழுதான். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சுபைர் சொல்லவில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தார், குழந்தையின் பூட்டிக்கொண்ட வாய்தான் நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஜன்னதுல் பிர்தௌஸ் தன் அண்ணனிடம் சொல்லி அழுதாள். கத்தியைத் தூர எறியலாம் என்று அணைக்கட்டுவரை ஒருமுறை எடுத்துப் போனார். எறிந்துவிட்டால் தனக்கு லேசாகிவிடும் என்று தோன்றியது, லேசாகக் கூடாது என்றும் தோன்றியது. திரும்ப உறையில் போட்டுக்கொண்டார். வெங்காயம் மட்டும் அதால் நறுக்கவில்லை.

சாமை அறுப்பு முடிந்த சமயம். கரியாலூரில் ஜீப் நின்றுகொண்டிருந்தது, ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பச்சமுத்து சிரித்த முகத்தோடு வந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து சுபைருக்கும் கொஞ்சம் மனசு இளகியது.

"பாய், உங்க கத்திய குடுத்துட்டுப் போங்க. தங்கச்சிக்கு நெறமாசம். பூமாலைய காப்பாத்துன கத்தின்னு அதுவும் அதையேதான் கேட்டுக்கினு இருக்குது."

சுபைர் தரமாட்டேன் என்றார். பச்சமுத்து விளையாட்டென்று நினைத்து, ரெண்டு நாளில் தந்துவிடுகிறேன் என்றான். கத்தி மழுங்கிவிட்டது என்றார் சுபைர். நான் தீட்டிக்கொள்கிறேன் என்றான் அவன். சுபைருக்குப் பொய் தீர்ந்துவிட்டது. வண்டியிலிருந்து இறங்கினார்.

"பச்சமுத்து, உன் புள்ள இந்தக் கத்தியாலதான் செத்துது. நர்சம்மா அன்னைக்கே சொன்னாங்க. பிளேடு எடுத்தாறேன்னு அந்த ஆளு சொன்னாரு, நாந்தான் வாணாம்னேன். உங்கிட்ட சொல்ல எனக்கு தைரியம் வரல."

பச்சமுத்துவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றிருந்தது, அதை எடுக்க அவனுக்குத் தெரியவில்லை. சுபைர் சட்டைப் பையிலிருந்து பிரிக்காத பிளேடு ஒன்றை எடுத்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அது பையிலேயே இருந்தது. இதை வைத்து அறுக்கச் சொல், நூலையும் தண்ணியையும் நல்லாக் கொதிக்க வைக்கச் சொல் என்று சொல்லி நீட்டினார்.

பச்சமுத்து கை நீட்டவில்லை. "கீழ வைங்க" என்றான்.

சுபைர் கீழே பார்த்தார். ஆட்டுப் புழுக்கையும் வெற்றிலை எச்சிலுமாகக் கிடந்தது. அவரால் குனிய முடியவில்லை. நீட்டிய கையை மடக்காமல் நின்றார். வண்டிக்குள்ளிருந்து யாரோ இருமினார்கள். கடைசியில் பச்சமுத்து அதை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டான். வாங்கித் துண்டின் முனையில் முடிந்துகொண்டு, வந்த வழியே நடந்தான்.

அவன் தங்கைக்குப் பெண் பிள்ளை பிறந்து நன்றாக இருக்கிறது என்று சுபைருக்குச் சொன்னது வேறு ஆள். பச்சமுத்து அதன் பிறகு அந்த ஜீப்பில் ஏறவில்லை. சந்தைக்கு வருகிற நாட்களில் தலையில் மூட்டையோடு பரிகம்வரைக்கும் நடந்துதான் இறங்குவான். சுபைர் அவனைத் தாண்டும்போது ஹாரன் அடிக்க மாட்டார்.